பெட்டியோடு வந்தவர்

ஆங்கில ஆசிரியப் பயிற்சியின் இரண்டாம் வருடம் தொடங்கியபோது என் மகளுக்கு ஏழு மாதம். சூறாவளி அடித்து இரண்டு வருடம் ஆகியும் கல்முனையில் பல தென்னைகள் தலையில்லாமல் நின்ற காலம் அது. கைக்குழந்தைக்காரி என்பதால் கலாசாலை விடுதியில் தங்காமல் தினமும் பஸ்ஸில் வந்துபோக அனுமதி தந்திருந்தார்கள். நான் போகும்போது பிள்ளையை உம்மா பார்த்துக்கொள்வார். இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு நாளும் கேட்கமாட்டேன் என்று உம்மாவிடமும் கணவரிடமும் சொல்லியிருந்தேன். அவர்கள் அப்படி ஒரு நிபந்தனை போடவில்லை. நானே போட்டு, நானே அதற்குப் பயந்துகொண்டிருந்தேன்.

அந்த வருடம் இலக்கியப் பாடத்துக்கு ஒரு நாவல் வைத்திருந்தார்கள். அதைப் பற்றி எழுதும் கட்டுரையில் சித்தி பெற்றால்தான் இறுதிப் பரீட்சையில் இலக்கியத் தாளுக்கு உட்காரலாம். தாள் இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் மூன்றாவது வருடம். என்னிடம் மூன்றாவது வருடம் கிடையாது.

நாவலின் பெயரையோ எழுதியவரின் பெயரையோ இங்கே சொல்லப்போவதில்லை. நடந்ததில் அவர்கள் பிழை ஒன்றுமில்லை. குளிர் நாடொன்றில், ஆற்றங்கரைப் பட்டினத்தில், கல்லால் கட்டிய பெரிய வீடு. அதில் ஒரு பெண், அவளுடைய கணவன், ஒரே மகள். கதை இவ்வளவுதான். ஆனால் சொல்லியிருந்த விதம் அப்படி நேராக இல்லை. ஒரு பந்தியில் மகளுக்கு ஆறு வயது, அடுத்த பந்தியில் இருபது. கணவன் மௌத்தாகி, அடக்கமும் முடிந்து, நாற்பது பக்கம் கழித்து மேசையில் இருந்து சாப்பிடுகிறான். வசனங்கள் சில சமயம் ஒரு பக்கம் முழுக்க முற்றுப்புள்ளி இல்லாமல் போகும். 'அவர்' என்று தொடங்கினால் எந்த அவர் என்பது இரண்டு பக்கம் தாண்டித்தான் தெரியும், சில இடங்களில் கடைசிவரை தெரியாது.

வகுப்பில் பதினான்கு பேர். புத்தகம் மூன்று. ஆளுக்குப் பத்து நாள் என்று முறை வைத்தோம். நான் பாடசாலையில் ஆங்கிலத்தில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள் என்பதால் முதல் முறை எனக்கு வந்தது. அதில் எனக்கு உள்ளூரப் பெருமை இருந்தது. இப்போது நினைத்தால் அந்தப் பெருமைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்று தோன்றுகிறது. ஒருவேளை அப்படி இல்லாமலும் இருக்கலாம்.

சுபஹ் தொழுதுவிட்டு, உலையை வைத்துவிட்டு வாசிப்பேன். பின்னேரம் பிள்ளையை ஏணையில் போட்டு, ஏணைச் சேலையின் நுனியைக் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டு வாசிப்பேன். கால் ஆட்டும், கை அகராதியைப் புரட்டும். நான் ஒரு நீண்ட வசனத்துக்குள் சிக்கிக் காலை நிறுத்திவிட்டால் பிள்ளை உடனே சிணுங்கும். எனவே அந்த நாவலின் கஷ்டமான இடங்கள் எல்லாம் எனக்குப் பிள்ளையின் அழுகையோடுதான் நினைவிருக்கின்றன. வாசிப்பதால் பிள்ளையைக் கவனிக்காமல் விடுகிறேனோ என்று ஒரு பயம். பிள்ளையைப் பார்ப்பதால் சரியாக வாசிக்கவில்லையோ என்று மற்றப் பயம்.

என் கணவருக்கு இறக்காமப் பக்கம் வயல். வேலைக் காலத்தில் வயலிலுள்ள வாடிக் குடிசையில் இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டு வருவார். வந்து கால் கழுவியதும் கேட்பார்.

"என்ன புள்ள, உன்ட கிழவி மௌத்தாயிட்டாவா இன்னும் இல்லையா?"

"அவ கிழவி இல்ல. புருசன்தான் மௌத்து."

"அப்ப அவட மகளுக்கு மாப்பிள்ளை வந்தாச்சா?"

"நேத்துத்தான் வந்த. பெட்டியோட வந்து இறங்கியிரிக்கார்."

"வயல் கியல் இரிக்காமா அவருக்கு?"

"அதெல்லாம் எழுதல்ல."

"வயல் இல்லாத மாப்பிள்ளைக்கா இவ்வளவு பெரிய புத்தகம்," என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போவார்.

பத்து நாள் முடிந்து புத்தகத்தை அடுத்தவருக்குக் கொடுத்தேன். நிந்தவூரிலிருந்து வரும், வயதில் மூத்த ஒரு ராத்தாவுக்கு அது போனது. இரண்டு நாளில் அவர் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"மகள், இதுக்குள்ள போய் வாறதுக்கு எனக்கு வழி தெரியல்ல. நீங்க வாசிச்சிட்டீங்கதானே. கதையச் சொல்லுங்க, நான் எழுதிக்கொள்றன்."

அன்றைக்குப் பகல் இடைவேளையில் வாகை மரத்தடியில் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினேன். முதல் நாள் நாலு பேர். மூன்றாம் நாள் பத்துப் பேர். ஒரு கிழமை சொன்னேன். முன்னும் பின்னும் கிடந்ததை எடுத்து வரிசைப்படுத்தி, மகள் பிறந்ததிலிருந்து தொடங்கி, நேராகச் சொன்னேன். எல்லாரும் சாப்பிட மறந்து கேட்டார்கள். கல்முனைக் கடற்கரையிலிருந்து வரும் தமிழ்ப் பெண் ஒருத்தி, மீன்காரக் குடும்பத்துப் பிள்ளை, கணவன் மௌத்தாகும் இடத்தில் கண்ணைத் துடைத்தாள். நான் சொன்ன கதை இதுதான்:

கணவன் இறந்த பிறகு அந்தப் பெண் மகளைக் கட்டிக்கொடுக்கிறாள். மாப்பிள்ளை பெட்டியோடு வருகிறார். அவருக்கு வீட்டின் பெரிய அறை. அவள் அறைகளைப் பூட்டும் திறப்புக் கோர்வையை அவர் கையில் கொடுக்கிறாள், ஒவ்வொரு அறையாக ஒரு தடவை பார்க்கிறாள், தனக்கு வேண்டிய கொஞ்சச் சாமானை எடுத்துக்கொண்டு சின்ன இடம் ஒன்றுக்குப் போய்விடுகிறாள். வாழ்க்கையில் செய்ய வேண்டியதைச் செய்து முடித்த நிம்மதியில் நாவல் முடிகிறது.

எனக்கு அதில் எந்தச் சந்தேகமும் வரவில்லை. ஒரேயொரு இடம் மட்டும் உறுத்தியது. அவள் போய்ச் சேர்ந்த சின்ன இடம் வேறு தெருவில், ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அந்த நாட்டில் வீட்டுக்குப் பின்னால் வளவு இருக்காதோ என்று நினைத்து விட்டுவிட்டேன்.

எங்கள் விரிவுரையாளர் கண்டிப் பக்கத்துத் தமிழர். கலியாணம் முடிக்காதவர். கலாசாலைக்குக் கிட்ட வாடகை அறையொன்றில் இருந்தார். எங்கள் ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வகுப்பில் ஆங்கிலம்தான் பேசுவார். நாங்கள் கட்டுரைகளைக் கொடுத்து இரண்டு கிழமை கழித்து, அவர் கட்டுரைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். அன்றைக்குத் தமிழில் தொடங்கினார்.

"பதினாலு பேர்ல ரெண்டு பேர் எழுதவே இல்ல. ஒருத்தர் ஆத்தப் பத்தியும் பனியப் பத்தியும் மட்டும் எழுதியிருக்கார். மிச்சப் பதினொரு பேரும் ஒரே பொய்ய எழுதியிருக்கீங்க. அந்த ஆளு மாப்பிள்ளையாம். அந்தம்மா சந்தோஷமா வீட்ட விட்டுப் போறாங்களாம். இது புத்தகத்துல எங்கேயும் இல்ல. யாரோ ஒருத்தர் எங்கேயோ நோட்ஸ் வாங்கியிருக்கீங்க. யாரு அது?"

நிந்தவூர் ராத்தா குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"சொல்லலைன்னா பதினொரு கட்டுரைக்கும் சைபர்தான். பரீட்சைக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

நான் எழுந்தேன்.

"நான்தான் சேர். நான்தான் எல்லாருக்கும் கதை சொன்ன."

"எந்த நோட்ஸ்?"

"நோட்ஸ் இல்ல சேர். புத்தகத்த வாசிச்சுத்தான் சொன்ன."

"வாசிச்சீங்களா? அப்ப காட்டுங்க. மாப்பிள்ளைன்னு எந்தப் பக்கத்துல இருக்கு?"

புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். அந்தப் பக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆள் வண்டியிலிருந்து இறங்குவது, வேலைக்காரன் பெட்டியை மாடிக்குத் தூக்குவது, அவள் திறப்பை நீட்டுவது. காட்டினேன். அவர் பார்த்தார்.

"சரி. பெட்டியோட வர்றார். பெரிய ரூம்ல தங்குறார். அதனால?"

எனக்கு அவருடைய கேள்வியே விளங்கவில்லை. உண்மையாகவே கேட்கிறாரா, என்னைச் சோதிக்கிறாரா? அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சம்மாந்துறையிலிருந்து வரும் காக்கா ஒருவர், எங்கள் எல்லாரையும்விட மூத்தவர், பதினைந்து வருடம் படிப்பித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்தவர்.

"சேர், ஒரு ஆம்பிளை பெட்டியத் தூக்கிக்கொண்டு பொம்பிளைப் பிள்ளை இரிக்கிற வீட்டுக்கு வந்து பெரிய அறையில ஏறினா, அவன் மாப்பிள்ளைதானே. பின்ன என்ன, களவெடுக்கவா வந்த?"

வகுப்பு சிரித்தது. விரிவுரையாளர் சிரிக்கவில்லை.

"உங்களுக்கும் இவங்கதான் கதை சொன்னாங்களா?"

"இல்ல சேர். நான் பகல்ல மச்சினன்ட கடையிலதான் சாப்பிடுற. இவ சொன்னதொண்டும் கேக்கல்ல. நான் என்ட முறைக்கு வாசிச்சுத்தான் எழுதின. அகராதி கிழிஞ்சு போச்சு, வாணுமெண்டா கொண்டுவந்து காட்டுறன்."

அவர் காக்காவின் கட்டுரையை எடுத்துப் பார்த்தார், பிறகு என்னுடையதை. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தார். ஆங்கிலம் முற்றிலும் வேறு. பிழை மட்டும் ஒன்று.

"நீங்க இப்ப இருக்கீங்களே, அது யாரோட வீடு?" என்று காக்காவிடம் கேட்டார்.

"வீடா? பொஞ்சாதிட."

"உங்க அப்பாவோட வீடு?"

"அது தங்கச்சிக்குக் குடுத்தாச்சு."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கென்னத்துக்கு சேர் வீடு? நான் கலியாணம் முடிச்சிட்டனே!"

இந்தத் தடவை அவரும் சிரித்துவிட்டார். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார். ஆண்கள் ஐந்து பேரில் கலியாணம் முடித்த நாலு பேரும் மனைவியின் வீட்டில். கடற்கரைத் தமிழ்ப் பெண்ணைக் கேட்டார். "எங்களிலயும் அப்பிடித்தான் சேர். அம்மா எனக்கு வீட்டத் தந்திட்டு அடுக்களைப் பக்கம் ஓலைப் பத்தி இறக்கி அதுக்குள்ள இருக்கிறா," என்றாள்.

"அப்ப ஒரு அம்மா வீட்ட விட்டுப் போறான்னா..."

"மகளுக்குக் கலியாணம் முடிஞ்சிரிக்கி எண்டு அர்த்தம் சேர்," என்றார் நிந்தவூர் ராத்தா. அவருக்கு இப்போது துணிவு வந்துவிட்டது.

விரிவுரையாளர் கதிரையில் உட்கார்ந்தார். புத்தகத்தில் முன்பக்கமாக ஓர் இடத்தைத் தேடி எடுத்து, ஆங்கிலத்தில் மெதுவாக வாசித்தார். ஒரு விருந்தில் சட்டத்தரணி ஒருவன் இறைச்சியை வெட்டிக்கொண்டே சொல்லும் பேச்சு அது. கணவனுக்கு ஆண்பிள்ளை இல்லாதபடியால் வீடு அவனுடைய தம்பியின் மகனுக்குத்தான் போகும் என்று அரை வசனம். அந்தப் பக்கத்தை வாசித்தது எனக்கு நினைவிருந்தது. இறைச்சியின் பெயரை அகராதியில் பார்த்ததும் நினைவிருந்தது. அந்த அரை வசனம் மட்டும் என் கண்ணில் பட்டுக் காதில் ஏறாமல் போயிருந்தது. வீடு ஆணுக்குப் போவது என்பது நான் கேட்டறியாத ஒன்று, அதனால் அது எனக்கு ஒரு செய்தியாகவே படவில்லை.

பெட்டியோடு வந்தவன் அந்தத் தம்பி மகன். மகளைக் கட்டியவன் வேறொருவன். அவன் அவளை ரயிலில் தூரத்து ஊருக்குக் கூட்டிப்போய்விட்டான். அந்த ரயிலை நான் வாசித்திருந்தேன். கலியாணம் முடித்த புதிதில் எங்கோ உலாத்தப் போகிறார்கள், திரும்பி வருவார்கள் என்று நினைத்திருந்தேன். கலியாணமும் வீட்டை விட்டுப் போவதும் ஒரே அத்தியாயத்தில் பந்திக்குப் பந்தி மாறி மாறி வருகின்றன. நடுவில் ஐந்து வருடம் இருக்கிறது. நான் இரண்டையும் ஒரே நாள் ஆக்கிவிட்டிருந்தேன்.

"ஒரு கிழமை தர்றேன்," என்றார். "பதினொரு பேரும் திருப்பி எழுதுங்க. காப்பி அடிக்கலைன்னு நம்புறேன். ஆனா பிழைய சரின்னு போடமுடியாது. இந்தத் தடவையும் பிழைச்சா நான் ஒண்ணும் செய்ய ஏலாது."

மூன்று புத்தகம், பதினொரு பேர், ஏழு நாள். என்னால் வந்த பிழை என்பதால் என் முறையைக் கடைசிக்குத் தள்ளினேன். யாரும் கேட்கவில்லை, நானே தள்ளினேன். அதுவும் சரியா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். நான் சித்தி அடையாவிட்டால் அதை உம்மாவிடம் எப்படிச் சொல்வது? மற்றவர்களுக்குப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன் என்றா?

வாகை மரத்தடியில் மறுபடியும் கதை சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை எல்லாரும் வழக்கறிஞர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்ப அவ அழுதுகொண்டா போன? சிரிச்சுக்கொண்டு போனதெண்டெல்லோ அண்டைக்குச் சொன்னீங்க?"

"சிரிச்சதாச் சொல்லல்ல ராத்தா."

"முகம் தெளிவா இருந்ததெண்டு சொன்னீங்க. நான் அத அப்பிடியே எழுதின."

அது உண்மை. நான் சொல்லியிருந்தேன். முகத்தைப் பற்றி நாவலில் ஒன்றுமே இல்லை. அவள் கையுறையைப் போட்டுக்கொண்டாள் என்று மட்டும் இருந்தது. முகத்தை நான்தான் வைத்திருக்கிறேன்.

வீட்டில் கணவருக்கு விஷயத்தைச் சொன்னேன். சைபர் என்றதும் அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப அந்த ஊரில நான் பொறந்திருந்தா, நீ என்ட வீட்டிலதான் இரிப்பாய்."

"ஓம்."

"நாம சண்டை பிடிச்சா நான் வாடிக்குப் போகத் தேவல்ல."

"நான்தான் போகணும்."

"எங்க போவாய்?"

"தெரியாது," என்றேன். அவரும் அதற்கு மேல் பகிடி விடவில்லை.

கடைசி மூன்று நாளுக்குப் புத்தகம் என் கைக்கு வந்தது. அது வெள்ளிக்கிழமை, கலாசாலை நேரத்தோடு விடும் நாள். கணவர் ஜும்ஆவுக்குப் போயிருந்தார். பிள்ளை தூங்கியது. அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் முதலிலிருந்து வாசித்தேன். எல்லாச் சொல்லும் எனக்குத் தெரிந்த சொல். அகராதி தேவைப்படவில்லை. அவள் சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துகிறாள். தையல் பெட்டியையும் ஒரு கேத்தலையும் மட்டும் எடுக்கிறாள். மரத்தால் செய்த பெரிய அலுமாரியைத் தொட்டுப் பார்த்து, அந்த மூலைக்கென்றே செய்தது, வேறெங்கும் பொருந்தாது என்று நினைத்து விட்டுவிடுகிறாள்.

நான் தலையை நிமிர்த்தினேன். எங்கள் அறையின் மூலையில் உம்மாவின் அலுமாரி நின்றது. என் கலியாணத்துக்கு முந்திய கிழமை உம்மாவும் வாப்பாவும் பின் வளவில் கட்டிய இரண்டு அறைக்குப் போனார்கள். வாப்பா அங்கே ஆறு மாதம்தான் இருந்தார். அவர் மௌத்தான பிறகு உம்மா வெளியே வராமல் இத்தா இருந்ததும் அந்த அறையில்தான். அலுமாரியை என்ன செய்தார்கள், ஏன் விட்டுப்போனார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. என் கலியாண வேலையில் எனக்கு ஆயிரம் கவலை இருந்தது. புடவை மடிப்பு நிற்குமா என்பதும் அதில் ஒன்று.

பின் வளவுக்குப் போனேன். உம்மா கொத்தமல்லி புடைத்துக்கொண்டிருந்தார்.

"உம்மா, இந்த வீட்ட எனக்குத் தந்திட்டு இஞ்சால வந்தீங்களே. அண்டைக்கு உங்களுக்குக் கவலையா இருந்ததா?"

"என்ன மகள், பரீச்சைக்குப் படிக்கிறயா, என்னை விசாரிக்கிறயா?"

"சொல்லுங்களன்."

"என்ன கவலை. ஊரில எல்லாரும் செய்ற வேலை. என்ட உம்மா எனக்குத் தரல்லையா?" சுளகைத் தட்டினார். தூசி பறந்தது. "பொறகு?"

"விருப்பமா வந்தீங்களா எண்டு கேக்கன்."

"விருப்பமா இல்லையா எண்டு ஆரும் கேக்கல்ல. கேட்டிருந்தா ஓமெண்டுதான் சொல்லியிருப்பன்."

"இப்பக் கேட்டா?"

உம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. நான் ஏதோ சுகமில்லாமல் இருக்கிறேனா என்று பார்ப்பது போல இருந்தது.

"இப்பக் கேட்டா பிள்ளை எழும்பி அழுது எண்டு சொல்லுவன். போ, போய்த் தூக்கு."

உண்மையில் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. எனக்குக் கேட்கவில்லை, அவருக்குக் கேட்டது.

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே கட்டுரையைத் திருப்பி எழுதினேன். சட்டத்தரணியின் அரை வசனத்தில் தொடங்கினேன். தம்பி மகன், திறப்பு, அலுமாரி, கடைக்கு மேலேயுள்ள அறைகள், எல்லாவற்றையும் விரிவுரையாளர் சொன்ன ஒழுங்கில் எழுதினேன். கடைசியில் ஒரு பந்தி மிஞ்சியது. முதலில் நான் செய்த பிழை முழுப் பிழையா என்று எனக்கே தெரியவில்லை என்று எழுதினேன். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு வருகிறது. ஆனால் வீட்டை விட்டு இறங்குகிற பெண்ணிடம் அங்கேயும் யாரும் கேட்கவில்லை, இங்கேயும் யாரும் கேட்கவில்லை என்று எழுதினேன். எழுதிவிட்டு அழித்தேன். கட்டுரையில் 'நான்' வரக்கூடாது என்று சொல்லித் தந்திருந்தார்கள். அதோடு, உம்மாவைக் கொண்டுபோய் ஆங்கிலக் கட்டுரையில் வைப்பது சரியா? உம்மா கவலை என்று சொல்லவே இல்லையே, நானாக அவர் முகத்திலும் ஒன்றை வைக்கிறேனா? மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தேன். தாள் அந்த இடத்தில் மெலிந்து போனது. திங்கட்கிழமை காலையில் பஸ்ஸுக்குக் காத்துநிற்கும்போது மூன்றாம் தடவை அதை எழுதி, மறு யோசனை வருவதற்குள் கொடுத்துவிட்டேன்.

ஐந்து நாள் கழித்துக் கட்டுரைகள் வந்தன. பதினொரு பேரும் சித்தி. காக்காவுக்கு என்னைவிட இரண்டு புள்ளி கூட. "அகராதி கிழிஞ்சதுக்கு அந்த ரெண்டு," என்றார் அவர்.

என் கட்டுரையின் கடைசிப் பந்திக்குக் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு. பக்கத்தில், இது நாவலில் இல்லை என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தது. நான் தாளை எடுத்துக்கொண்டு நகரும்போது விரிவுரையாளர் கூப்பிட்டார்.

"அந்தப் பந்திய நான் ரெண்டு தடவை வாசிச்சேன்," என்றார். "ஆனா அதுக்குப் புள்ளி போட எனக்கு இடமில்ல. பரீட்சையில அப்படி எழுதாதீங்க."

"சரி சேர்," என்றேன்.

பரீட்சையில் எழுதவில்லை. சித்தி அடைந்தேன். பிறகு பல வருடம் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தியபோது நானும் அதே போலக் கோடு போட்டிருக்கிறேன். அவர் செய்தது சரிதான் என்று இப்போது பெரும்பாலும் நினைக்கிறேன். சில நாள் அப்படி நினைப்பதில்லை.

கட்டுரை கையில் கிடைத்த அன்று பின்னேரம் நேரே பின் வளவுக்குத்தான் போனேன். உம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தார்.

"சித்தி உம்மா. இனிப் பரீச்சைக்கு இருக்கலாம்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். பிள்ளையை என் கையில் தந்தார். தவிட்டுச் சட்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். நான் போகத் திரும்பியபோது கேட்டார்:

"அந்தப் பொம்பிளை கடைசியில எங்க போய் இருந்த?"

அவருக்கு நான் கதையைச் சொன்னதே இல்லை. நான் கணவரிடம் சொல்வதைச் சுவருக்கு அப்பால் இருந்து கேட்டிருக்க வேண்டும்.

"ஒரு கடைக்கு மேல, ரெண்டு அறையில உம்மா."

"தண்ணி?"

"என்ன?"

"மேல்மாடியெண்டா தண்ணி எப்பிடி? கீழ இறங்கியா அள்ளுற?"

"அது புத்தகத்தில இல்ல."

"மகள் வந்து பாக்கிறதா?"

"ஒருதரம் கடிதம் போட்டா."

உம்மா சட்டியை எடுத்துக் கோழியை விரட்டிக்கொண்டே சொன்னார்:

"அந்தப் பொடிச்சியப் பிடிச்சு ரெண்டு அடி போட்டிருக்கணும். நீ அதை எழுதினியா?"

"இல்ல உம்மா."

"எழுதியிருக்கணும்," என்றார்.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். உலை வைக்கும் நேரமாகியிருந்தது.